பிள்ளை கையைச் சுருக்கும்போது



"எங்கள் மூத்தவன் இப்போது ஒரு சதம் வீணாக்குவதில்லை" என்று பசறையிலும் அப்புத்தளையிலும் தகப்பன்மார் சொல்லக் கேட்கிறோம். கொழும்பில் கடை வேலைக்குப் போன புதிதில் கைத்தொலைபேசி, சப்பாத்து என்று சம்பளத்தைக் கரைத்தவன், இன்று மாதாமாதம் வங்கியில் போடுகிறான். பெற்றவர்களுக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரலாமா?

நிமிரலாம் என்றே சொல்வோம். நம் முன்னோர் கடனோடுதான் இந்த மலை ஏறினார்கள். வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' தீர்க்கப்படாமல் தொழிலாளி வேறு தோட்டம் போக முடியாது. புதிய தோட்டம் அதைக் கட்டி அவனை எடுத்தாலும், கடன் கூடவே போயிற்று. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது, பழக்கத்தை ஒழிக்கவில்லை. பண்டிகை முற்பணம் வாங்கிவிட்டுச் சம்பளத்தில் வெட்டக் கொடுப்பதும், தோடு அடகுக்கடைக்குப் போய் வருவதும் நமக்குத் தெரியாததா? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது; மறு ஆண்டே அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் அதை விழுங்கின. இந்த நிலையில் யாருக்கும் கடன்படாத பிள்ளை, யாருக்கும் தலைகுனியத் தேவையில்லாத பிள்ளை.

ஆனால் அவன் எந்தச் செலவை நிறுத்தினான்? சப்பாத்தையா, தங்கச்சியின் உயர்தர வகுப்புக் காசையா? லயத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறோமே, அதில் அவன் பங்கு உண்டா? வங்கிப் புத்தகத்தில் எல்லாம் ஒரே இலக்கமாகத்தான் விழும். ஊதாரி மகன் உவமையில் மூத்தவனும் சிக்கனக்காரன்தான். தம்பிக்கு வைத்த விருந்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

நம் பெருமையிலும் கொஞ்சம் கலப்படம் உண்டு. அடுத்த காம்பராப் பையன் குடித்தழிப்பதைச் சேர்க்காமல் நம் பையனின் சேமிப்பைச் சொல்ல நமக்கு வருவதில்லை. அந்தத் தாயின் காதிலும் அது விழுகிறது.

இன்னொன்று. ஆடைத் தொழிற்சாலையிலோ வளைகுடா நாட்டு வீடொன்றிலோ வேலை செய்யும் மகள், முதல் மாதத்திலிருந்தே தனக்கென்று ஒரு சட்டைகூட எடுக்காமல் அனுப்பி வருகிறாள். கூரைத் தகடு அவள் காசு. அப்பாவின் மருந்தும் அவள் காசு. அவளைப் பற்றி எந்தத் தகப்பனும் கோயில் முற்றத்தில் நின்று பெருமை பேசி நாம் கேட்டதில்லை. ஊதாரியாக இருந்து திருந்தாதது அவள் குற்றமோ? இந்த நத்தாருக்கு இருவரும் வீடு வரும்போது, மகனை மெச்சுகிற வாயால் அவளிடம், "உனக்கென்று என்ன வாங்கினாய் மகள்?" என்று கேட்டுப் பாருங்கள்.