முதுகொடியும் உழைப்பு

‘முதுகொடிய உழைத்தவர்’ என்று ஒருவரைச் சொல்லும்போது அதனைப் பாராட்டாகவே கருதுகின்றோம். முதுகு மெய்யாகவே ஒடிந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று அப்பாராட்டு வினவுவதில்லை.

நாற்று நடும் பெண்டிர், மூட்டை சுமப்போர், நோயாளரைத் தூக்கிக் கிடத்தும் செவிலியர், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஆகிய பலருக்கும் பொதுவான துன்பம் முதுகுவலி. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 62 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர். இதற்குக் காயமில்லை, கட்டுமில்லை. பெரும்பாலோர்க்கு எக்ஸ்ரே படத்திலும் திட்டமான காரணம் தென்படுவதில்லை. எனவே ‘சோம்பேறி’ என்னும் பழி எளிதில் வந்து சேர்கின்றது. அப்பழிக்கு அஞ்சியே வலியை மறைத்து உழைப்போர் பலர்.

தொடர்வதா, விடுவதா? உழைப்பே மனிதருக்கு மதிப்பளிக்கிறது என்று கொண்டால், விடுவது தன்னையே இழப்பதாகும். ஆனால் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இதனை மறுதலையாகக் காண்கின்றது: உழைக்கும் மனிதரால்தான் உழைப்பு மதிப்புறுகின்றது. அவரே நடுக்குவாத நோயுடன் 2005-இல் இறக்கும்வரை பணியில் நிலைத்தார். அவருக்குப் பின்வந்த பதினாறாம் ஆசீர்வாதப்பரோ, தம் வலிமை பணிக்குப் போதவில்லை என்றுணர்ந்து 2013 பிப்ரவரியில் பதவி விலகினார். இருவருள் எவரும் கடமையைக் குறைவாக நேசித்தவர் அல்லர். ஆகவே, யார் மிகுதியாகத் தாங்கினார் என்பது இங்கு அளவுகோல் ஆகாது.

எதற்காகத் தாங்குகிறோம் என்பதே வினா. பிள்ளையின் படிப்புக்காகத் தாங்கும் வலி வேறு; பிறர் வாய்க்கு அஞ்சித் தாங்கும் வலி வேறு. முன்னது அன்பு, பின்னது அச்சம். அன்பினால் தாங்குவோரும் ஒன்றை எண்ண வேண்டும்: வேலை முடிந்து வீடு திரும்பும்போது, வீட்டாருக்கென நம்மிடம் சினமன்றி வேறு ஏதேனும் மிஞ்சுகின்றதா?

வேலையை விட்டுப் படுத்துவிடுவதும் தீர்வன்று. நீண்ட படுக்கையைவிட ஏற்ற அசைவும் பயிற்சியுமே நன்மை தரும் என்பது இன்றைய மருத்துவத்தின் அறிவுரை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றுண்டு: சுமையைக் குறைத்தல், நேரத்தைச் சுருக்குதல், அமர்ந்தும் எழுந்தும் செய்யும் பணிக்கு மாறுதல்.

எனினும் அவ்வழியைத் திறப்பது வலியுற்றவர் கையில் மட்டும் இல்லை. பணிக்காலத்தில் உடற்குறை எய்திய அரசு ஊழியரை நீக்கலாகாது, ஏற்ற வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நாட்கூலி பெறுவோர்க்கு அத்தகைய காப்பு ஏது? ஒருநாள் படுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. அவரிடம் ‘உடலைப் பார்த்துக்கொள்’ என்பது வெறுஞ்சொல். அவரை வேலைக்கு அழைப்பவரும், அவர் உழைப்பில் உண்பவரும் இம்முடிவில் பங்காளிகளே. அவர் ‘இயலவில்லை’ என்று சொல்லும்போது நம்புவதும், ‘எது இயலும்?’ என்று கேட்டு அதற்கேற்பப் பணியை மாற்றிக் கொடுப்பதும் நம் கடமை.