மறுக்க முடியாதவனின் சம்மதம்

போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் உயரும்போதெல்லாம், அரசு அவர்களுடன் எதையோ பேசி முடித்துவிட்ட தோரணையில் பத்திரிகைகள் எழுதுகின்றன. பேச இரண்டு தரப்பு வேண்டும். அதில் ஒன்றுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் சாத்தியமே இல்லாதபோது நடப்பது பேச்சுவார்த்தை அல்ல; மானியம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதுகூடத் தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு 2021-ல் அரசாணையாகத்தான் வந்தது.

நான் காரைக்குடியில் வங்கி குமாஸ்தா. என் சம்பளம் இருதரப்பு ஒப்பந்தத்தால் தீர்மானமாவது. சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து, முறைத்து, வருஷக்கணக்கில் இழுத்தடித்துக் கடைசியில் கையெழுத்திடும் இந்த வழக்கம் 1966-ல் தொடங்கியது. அதே 1966-ல்தான், அனுமதியின்றிச் சங்கத்தில் சேரக் காவல் படையினருக்கு உரிமையில்லை என்று பார்லிமெண்ட் சட்டம் செய்தது. 1986-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. இந்தப் பக்கத்துச் செட்டியார் கடைகளுக்காகப் பர்மா போன ஏஜெண்டுக்குக்கூட ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. தொகை பிடிக்காவிட்டால் அவன் கப்பலேறாமல் இருக்கலாம். (ஏழையின் மறுப்பு அரைகுறை மறுப்புதான். ஆனாலும் மறுப்பு.)

துப்பாக்கியை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1979-ல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி பல மாநிலங்களுக்குப் பரவி, ஜூன் மாதம் பொகாரோ உருக்காலையில் ராணுவமும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில் போய் முடிந்தது. காவலருக்கு வேலைநிறுத்தம் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தடையால் பாதுகாப்பு அடைபவர்கள் நாம். ஒருவனின் மறுப்பை நம் சௌகரியத்துக்காக எடுத்துக்கொண்டால் அதற்கு நாம் ஈடு தரக் கடமைப்பட்டவர்கள். அந்த ஈட்டை, வாங்கியவனே நிர்ணயிப்பது அநீதி. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் மூன்றாவது கை ஒன்று வேண்டும். கமிஷன்கள் அந்தக் கை அல்ல. அவை சிபாரிசு செய்யும், அவ்வளவுதான். தரம்வீரா தலைமையிலான தேசியப் போலீஸ் கமிஷன், கான்ஸ்டபிளைத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியாகக் கருதிச் சம்பளம் கொடுங்கள் என்று 1979 பிப்ரவரியில் முதல் அறிக்கை கொடுத்தது. இதைச் சொல்ல ஒரு கமிஷன் தேவைப்பட்டது! மே மாதம் பஞ்சாப் காவலர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

நம் முற்போக்கு நண்பர்களுக்கு இதில் அக்கறை கிடையாது. போலீஸ்காரன் அரசின் அடியாள், விஷயம் முடிந்தது. எங்கள் வேலைநிறுத்த நாட்களில் கிளை வாசலில் லத்தியுடன் நிற்பவனை நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம். தன் மறுப்பைப் பறிகொடுத்தவனைத்தான் எங்கள் மறுப்பைக் காவல் காக்கவும், தேவைப்பட்டால் கலைக்கவும் அனுப்பியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. அவனுக்கு ஆனது அவனோடு நிற்கும் என்ற நம்பிக்கை போலும். 2003-ல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அரசு ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது. அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குச் சட்டப்பூர்வமான உரிமை இல்லை என்பதோடு நிற்கவில்லை. தார்மீக உரிமையும் இல்லை என்றது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. சாக்குக்கட்டியும் பேனாவும்தான் இருந்தன.