தேர்வும் கூச்சமும்

எர்ணாவூரில் ஒருவன் குடிப்பது யாருக்கும் செய்தியல்ல. மதுக்கடை வாசலில் எங்கள் வங்கியின் வாடிக்கையாளர்கள் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். நானும் பதிலுக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே எனக்குக் கூச்சம் ஏற்பட்டதில்லை. குடியை விட நினைத்து, அதற்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்று பக்கத்திலேயே, திருவொற்றியூர்ப் பக்கம் நடக்கிறதென்று அறிந்தபோதுதான் கூச்சம் வந்தது. அங்கே என்னை யாராவது பார்த்துவிட்டால்? ஊரறியக் குடித்தவன், ஊரறியாமல் நிறுத்த விரும்பினேன்.

எனவே நகரத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, பெயரின்மை. அது அந்த இயக்கத்தின் அஸ்திவாரக் கொள்கைகளில் ஒன்று. இரண்டாவது, மொழி. நான் படித்ததும் யோசிப்பதும் பாதிக்குமேல் ஆங்கிலத்தில். என் சீரழிவின் நுட்பங்களைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று தோன்றியது. பத்து நிமிடம் பேசினேன். என்னையே எள்ளிக்கொண்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். முடிந்ததும் ஒருவர் கைகுலுக்கி, நன்றாகப் பேசினீர்கள் என்றார். அன்று விம்கோ நகரில் ரயிலைவிட்டு இறங்கியவன் நேரே கடைக்குப் போனேன். அந்தப் பாராட்டை நினைத்துக்கொண்டேதான் குடித்தேன்.

விமர்சகனுக்குத் தேர்வு ஒரு பொறுப்பு. எது சரி, எது போலி என்று பிரித்துச் சொல்வதே அவன் காரியம். அந்தப் பழக்கத்தில், சரியான கூட்டத்தையும் ரசனையைக்கொண்டே தேர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் குடிநோயில் முதலில் பழுதாவது தேர்வுதான். இன்று மட்டும், இவரோடு மட்டும், இந்தக் காரணத்துக்காக மட்டும் என்று தேர்ந்து தேர்ந்தே குடித்தவன் நான். எந்தக் கருவி பழுதோ அதைக்கொண்டே பழுதை அளக்கப் பார்த்தேன்.

இந்த இயக்கம் தொடங்கிய விதத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வந்த தொழில் காரியம் தோற்றுப்போய் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் ஓர் ஓட்டல் முகப்பில் நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்தில் மதுக்கூடம் இருந்தது. அவர் தொலைபேசியை நாடினார். தேடியது தன்னைக் காப்பாற்றுகிறவரை அல்ல, தன்னைப்போலவே சிக்கிய இன்னொருவரை. அப்படிக் கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்தவர் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் மொழியில் தன்னிடம் பேசிய முதல் மனிதர் வில்சன் என்று பிற்பாடு காரணம் சொன்னார். அதற்குமுன் ஸ்மித்துக்குப் புத்தி சொன்னவர்களும் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆக, அவர் மொழி என்றது வேறெதையோ.

அது எது என்பது, நான் தவிர்த்துவந்த கூட்டத்துக்குக் கடைசியில் போனபோதுதான் விளங்கியது. ஒரு பள்ளிக்கூட அறை. முழங்கால் இடிக்கும் சிறு பெஞ்சுகள். பயந்தபடியே நடந்தது: உள்ளே இருந்த ஒருவர் என்னை அறிந்தவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், என் கவுன்ட்டரில் பணம் எடுக்கிறவர். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார். அவர் முறை வந்தபோது பேசியது மூன்றே வாக்கியங்கள்: "இன்னிக்கு சம்பளம் வாங்கினேன். நேரா இங்க வந்துட்டேன். முடிஞ்சதும் யாராச்சும் எங்கூட வீடு வரைக்கும் வாங்க."

அந்தப் பேச்சில் விமர்சிக்க ஒன்றுமில்லை. அதற்குப்பின் தயாரித்து வைத்திருந்த என் பேச்சை என்னால் பேச முடியவில்லை.

எந்தக் கூட்டமும் எல்லோருக்கும் சரி என்று இதை விரித்துவிடக் கூடாது. ஆண்களே நிறைந்த அறையில் தனியாக உட்கார வேண்டிய பெண் வேறு குழு தேடுவது ரசனை அல்ல, பாதுகாப்பு. பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் என்ற சொல், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்ற விலக்கோடு வந்தாலும், நம்பிக்கையற்றவனை நெளியவைக்கிறது. அதுவும் நியாயமே. நெடுநாள் கடுமையாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவனுக்கு முதலில் மருத்துவர், பிறகே கூட்டம். சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஆக, தேடுவது தவறல்ல. தேடுகிறவன் தனக்கு வேண்டியதைத் தேடுகிறானா, தன் கௌரவத்துக்கு வேண்டியதைத் தேடுகிறானா என்பதே கேள்வி. இதற்கு விடை முன்கூட்டித் தெரிவதில்லை. என் விஷயத்தில், நான் நன்றாகப் பேசிய இடம் தவறான இடமாக இருந்தது.

அன்று அவரோடு நான்தான் போனேன். வழியில் இரண்டு கடைகள். இருவரும் பேசவில்லை. அவர் வீட்டு வாசலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீங்க எப்பிடி சார் தனியாப் போவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. திரும்புகிற வழியிலும் அதே இரண்டு கடைகள். அவர் மனைவியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னுடன் கிளம்பினார்.