காப்பும் பொறுப்பும்

தமிழில் ‘காப்பு’ என்னும் சொல் பல பொருள் குறிக்கும். நூல் இடையூறின்றி நிறைவேற வேண்டி முகப்பிற் பாடப்படும் செய்யுளும் காப்பு. விழாத் தொடங்குமுன் கையிற் கட்டப்படும் மஞ்சட் கயிறும் காப்பு. மலையகத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவின்போதும் காமன் கூத்தின்போதும் காப்புக் கட்டிக்கொண்டவர், விழா நிறைவுறும்வரை விரதத்துக்குக் கட்டுப்பட்டவராவார். கயிறு அவரைக் காக்கிறது என்பது நம்பிக்கை. கயிற்றின் பொருட்டு அவர் தம் ஒழுக்கத்தைக் காத்தல் வேண்டும் என்பது நெறி. இவ்விரண்டும் சேர்ந்ததே காப்பு.

கணினித் தரவுகள் அழிந்துபடாதிருக்க எடுத்து வைக்கப்படும் மற்றொரு படியும் இன்று ‘காப்புப்படி’ எனப்படுகின்றது. வலையமைப்பினால் இணைந்த கணினிகளில் அப்படியை எடுக்கும் வேலை நாள்தோறும் மனிதன் கையில் விடப்படுவதில்லை. நள்ளிரவு போன்றதொரு நேரம் குறிக்கப்படுகின்றது. அந்நேரம் வந்ததும் பொறி தானே இயங்கி, அன்று மாறிய கோப்புகளைத் திரட்டி, வேறொரு சேமகத்துக்கு அனுப்பி, ‘நிறைவுற்றது’ என ஒரு குறிப்பும் எழுதிவிடுகின்றது. இங்கு ஓர் அறவியல் வினா எழுகின்றது. கடமையொன்றைப் பொறியிடம் ஒப்படைத்தவன், அக்கடமைக்குரிய பொறுப்பையும் ஒப்படைத்தவனாவானா? காப்பைப் பொறியின் கையிற் கட்டிவிட்டுத் தன் விரதத்தை அவன் முடித்துக்கொள்ளலாமா?

இவ்வினாவை மலையகத்தில் நின்று நோக்குதல் பொருத்தமுடையது. ஒரு பதிவு இருப்பதும் இல்லாதிருப்பதும் மனித வாழ்வை எவ்வாறு நிர்ணயிக்கும் என்பதை அம்மக்கள் பட்டறிந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்த ஒருவர் வம்சாவளியாற் குடியுரிமை கோருவதாயின், அவருடைய தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. லயத்து அறையிற் பிறந்து, பதிவேறாமலே மறைந்துபோன முன்னோரின் பிள்ளைகள் அதனை எதைக்கொண்டு மெய்ப்பிப்பர்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், இடையறாது வசித்தமைக்குச் சான்று கேட்டது. அதன்கீழ் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோர் அனைவரும் ஆவணக் குறையினாலேயே நிராகரிக்கப்பட்டனர் எனல் பொருந்தாது. அச்சட்டங்களின் வேர் அரசியலில் இருந்தது. ஆயினும் ஆவணமின்மை அவ்வரசியலுக்கு வாய்த்த கருவியாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1988ஆம் ஆண்டுச் சட்டமே சத்தியக் கடதாசியொன்றைச் சான்றாக ஏற்க முன்வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. பதிவைப் பேணும் அதிகாரம் ஒருவரிடமும், பதிவின்மையால் விளையும் துன்பம் இன்னொருவரிடமும் இருக்குமாயின், பேணுதல் வெறும் அலுவலக வேலையாக நின்றுவிடாது. அது நீதியைச் சார்ந்ததாகிவிடும். இன்றைய தோட்ட அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். பேரேடுகளில் இருந்தவை பல கணினிக்கு ஏறியுள்ளன. செக்ரோலில் விழுந்த பெயர், பறித்த கொழுந்தின் நிறை, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தப்பட்ட பங்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் நாட்பட்ட உழைப்புக்குச் சாட்சியாகும். மலையில் கொழுந்து பறிப்பவள் அக்கணினியைக் கண்டிருக்கவும் மாட்டாள். அது பழுதுற்று, அதற்குப் படியும் இல்லையெனில், இழப்பு அவளுடையது, கவனக்குறைவோ வேறொருவருடையது.

பொறியிடம் ஒப்படைப்பதே தவறு என்று இதனால் முடிவு செய்தல் கூடாது. பொறிக்காகப் பேசுவோரின் வாதம் வலியது. மனிதன் மறப்பான்; சோர்வான்; திருநாளன்று வீட்டுக்குப் போய்விடுவான். பொறிக்கு மறதியில்லை, களைப்பில்லை. ஆகவே, தான் தவறுவான் என அறிந்தவன் தவறாத ஒன்றிடம் கடமையை ஒப்படைப்பது அறிவுடைமையேயன்றிச் சோம்பலாகாது. இவ்வளவும் உண்மையே. ஆயின் தவறாமற் செய்தல் வேறு, சரியாகச் செய்தல் வேறு. குறித்த நேரத்துக்கு இயங்கும் பொறி, தான் செய்வது பயன்படுமா என்று வினவுவதில்லை.

பழுதுகள் நேரும் வகையை ஆராய்ந்தால் இது தெளிவாகும். அலுவலர் ஒருவர் கடவுச்சொல்லை மாற்றுகிறார். பழைய சொல்லைக் கொண்டு முயலும் பொறிக்குச் சேமகத்தின் கதவு திறப்பதில்லை. கோப்புகள் வேறோர் இடத்துக்கு மாற்றப்படுகின்றன. பொறி வெறுமையான பழைய இடத்தையே நாள்தோறும் படியெடுத்து, நிறைவுற்றதாக எழுதுகின்றது. இரவுப் பணிக்காக எவரோ திறந்து வைத்த கோப்பு தவிர்க்கப்படுகின்றது. சேமகம் நிரம்பிவிடுகின்றது. மலைநாட்டு மழைக்கால இடியினால் மின்சாரம் அற்று, குறித்த நேரம் கணினி உறங்கும்போதே கடந்துவிடுகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை உடனே தீங்கு செய்யாதவை, அதனாலேயே கொடியவை. காப்பு அற்றுப்போன நாளுக்கும், அற்றமை தெரியவரும் நாளுக்கும் இடையே பல திங்கள் கழியலாம்.

இலங்கை இதனைத் தேசிய அளவிற் கண்டது. 2023 ஆகத்து 26ஆம் நாள் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு பணயத்தீநிரல் ஒன்றினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பு மீட்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் தாக்குதல் நாள்வரையிலான காலத்துக்குப் படி இல்லை என்பது தெரியவந்தது. மூன்று திங்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து மீளவில்லை. அதன் பின்னரே வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்ட படியை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.  இருப்பதாகக் கருதப்படும் ஒன்று மெய்யாகவே இருக்கின்றதா என வினவும் வழக்கம் வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆகவே பொறுப்பினின்றும் பிரிக்கவியலாத கடமைகள் மூன்று எனலாம். முதலாவது, காலத்தைக் குறித்தல். இரு படிகளுக்கு இடைப்பட்ட காலம் எவ்வளவோ அவ்வளவையும் இழக்கச் சம்மதம் என்பதே கால அட்டவணையின் மறைபொருள். வாரம் ஒருமுறை படியெடுப்பவன் ஒரு வாரத்து உழைப்பைப் பணயம் வைக்கிறான். தேயிலை மலையில் ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்று வருதல் வேண்டும். பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். அச்சுற்றைத் தளிரின் வளர்ச்சி நிர்ணயிக்கின்றது, பணிப்பவரின் வசதி நிர்ணயிப்பதில்லை. அதுபோலவே படியெடுக்கும் காலத்தையும், இழந்தால் வருந்தப்போகிறவரின் நிலையிலிருந்து குறித்தலே அறமாகும்.

இரண்டாவது, படிகளை வேறுபடுத்தி வைத்தல். மூன்று படிகள், இரு வகைச் சேமகங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் என்பது துறைசார்ந்தோர் கூறும் எளிய விதி. இதன் நியாயத்தை மலையகத்தின் மண்ணே கூறும். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியபோது, மலைச்சரிவெங்கும் ஒரே பயிராய் நின்ற கோப்பி அடுத்த இருபது ஆண்டுகளுள் பெரும்பாலும் அழிந்தது. செடிகள் கோடிக்கணக்கில் இருந்தமை அதனைக் காக்கவில்லை; அவை யாவும் ஒரே நோய்க்கு இலக்காகும் தன்மையவாயிருந்தன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இட்டிருந்த தேயிலையே பின்னர் அப்பொருளாதாரம் உயிர்த்தெழ வழியாயிற்று. ஒரே வலையமைப்பில், ஒரே கடவுச்சொல்லின்கீழ் நிற்கும் பத்துப் படிகள், தாக்குவோனுக்கு ஒரே படிதான்.

மூன்றாவது, மீட்டுப் பார்த்தல். எடுத்த படியிலிருந்து கோப்பொன்றை மீளப் பெற்று, மூலத்தோடு ஒப்பிடாதவரை அது ஏட்டுச் சுரைக்காயே. ஓலைச்சுவடிக் காலத்திலேயே தமிழர் இதனை அறிந்திருந்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடியலைந்தது எண்ணிக்கைக்காக அன்று. ஒன்றோடொன்று ஒப்பிட்டாலன்றிப் பிழை புலப்படாது என்பதற்காக. தோட்டத்திலும் மலையில் நிறுத்த கொழுந்து தொழிற்சாலையில் மீண்டும் நிறுக்கப்படுகின்றது. இரு நிறைகளும் வேறுபட்டால் வினா எழும். ஒப்பிடுவார் இல்லாதபோது பொறி பிழையையும் உண்மையையும் ஒரே பற்றுறுதியோடு படியெடுக்கும். பெயரில் விழுந்த ஓரெழுத்துப் பிழை, முப்பது ஆண்டு கழிந்து, முதியவள் ஒருத்தியின் சேமலாபப் பணத்துக்குத் தடையாக நிற்பது அவ்வாறே.

எல்லாவற்றையும் என்றும் வைத்திருத்தல் நன்றோ என்னும் ஐயமும் இங்கு எழக்கூடும். மறத்தலும் சிலபோது மனிதர்க்கு வேண்டியதே. ஆயின் எதை விடுவது எனத் தெரிந்து விடுதல் துறவு. காவாமையினால் போகவிடுதல் இழப்பு. பிறருடைய பொருளைப் பொறுத்தவரை, துறக்கும் உரிமை காவலனுக்கு இல்லை.

பொறி செய்யும் வேலையைப் பொறி செய்யட்டும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்குமாறு மனிதனை எவரும் கேட்கவில்லை. விடிந்ததும் பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடும்போது, வராதவர் யார் எனக் கேட்பதற்கு ஒருவர் நிற்கிறார். அதுபோல நேற்றைய படி வந்ததா, வந்தது முழுமையானதா, அதனை இன்று திறக்க முடியுமா எனக் கேட்பதற்கும் ஒருவர் வேண்டும். அவர் பெயர் அலுவலகத்தில் எல்லார்க்கும் தெரிந்திருத்தலும் வேண்டும். கயிறு பொறியின் கையில் இருக்கலாம், விரதம் அவருடையது.