அடையாளமும் மரணமும்

மரணம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது? ஜனாஸாவைச் சுற்றி நிற்கும் உறவினர் கேட்காத இக்கேள்வியை, ஆய்வுக்கூடத்தில் ஒற்றை உயிரணுவின் முன் அமர்ந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

உயிரணு ஒழுங்காகச் சுருங்கி, துண்டுகளாகப் பிரிந்து, அண்டை அணுக்களால் விழுங்கப்பட்டு மறைவதை 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர் விவரித்து, 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கருவிலிருக்கும் சிசுவின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இவ்வுதிர்வினால்தான்.

இதனை எவ்வாறு கண்டறிகின்றனர்? அணுவின் சவ்வு இரு படலங்களைக் கொண்டது. பாஸ்ஃபாட்டிடில்செரின் என்னும் கொழுப்பு உட்படலத்திலேயே ஒதுங்கியிருப்பது வழக்கம்; சாவு நெருங்குங்கால் வெளிப்படலத்துக்கு வந்துவிடுகிறது. அனெக்சின் என்னும் புரதம் கால்சியத்தின் துணையோடு அதைப் பற்றிக்கொள்ளும். அப்புரதத்தில் பச்சையாய் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துவிட்டால், நுண்ணோக்கியில் அவ்வணு பச்சை விளிம்போடு தெரியும். புரோபிடியம் அயோடைடு என்னும் செஞ்சாயமோ சவ்வு சிதைந்த பின்பே உள்ளே நுழையும். பச்சை மட்டும் என்றால் சக்கராத்து. சிவப்பும் சேர்ந்தால் மௌத்து. இவ்வளவு எளிதாகத்தான் நானும் எண்ணியிருந்தேன்.

2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அவ்வெண்ணத்தைக் கலைத்தது. சாவைத் தூண்டிய பொருளைக் கழுவி அகற்றியதும், சுருங்கிச் சிதையத் தொடங்கிய அணுக்கள் பல மீண்டெழுந்து பெருகின! அப்படியானால் பச்சை ஒளி சாவின் அடையாளமா, சாவின் வாயிற்படியின் அடையாளமா?

நம் ஃபிக்ஹு நூலோர் பாதங்கள் தளர்தல், மூக்குச் சாய்தல், நெற்றிப்பொட்டு குழிதல் ஆகியவற்றை மரணக்குறிகளாகக் கூறினர். ஐயம் எழுந்தால் உடலில் மாற்றம் தோன்றும்வரை பொறுக்கச் சொன்னார்கள். ஜனாஸாவை விரைவுபடுத்துவதே சுன்னத்து என்றிருந்தும் இந்தத் தாமதம்!

ஓரணுவின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்துவது பிழைதான். ஆயினும் மூளைச்சாவைப் பற்றிய விவாதத்திலும் இதே முடிச்சு விழுந்தது. 1986இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹுப் பேரவை, மூளையின் இயக்கம் மீட்சியின்றி முற்றாக நின்றதை மரணமாக ஏற்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய மற்றொரு பேரவை, கருவிகளை அகற்ற இசைந்தும், இதயமும் மூச்சும் நின்ற பின்பே ஷரீஅத்தின்படி மரணம் என்றது. வாரிசுரிமை, இத்தா, உறுப்பு தானம் யாவும் அக்கணத்தைப் பற்றியே நிற்கின்றன.

இவ்விரு சாராருள் எவரையும் அவசரக்காரர் என்று நான் சொல்லத் துணியேன். ஆனால், உறுப்புக்காக ஒரு நோயாளி காத்திருக்கும் வேளையில், குறியைப் படிப்பவரும் உறுப்பை எடுப்பவரும் ஒருவராய் இருத்தல் ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அவ்விருவரைப் பிரித்தே வைத்திருக்கிறது. அதன் விதிகளோ, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்பே மூளைச்சாவை அறிவிக்கச் சொல்கின்றன.