மூன்று எழுத்தில் ஒரு மன்றாட்டு

யாராவது இறந்த செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டால் போதும், அடுத்த நிமிடத்திலிருந்து ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி. என்று வரிசையாக வந்து விழுகிறது. இறந்தவர் இந்துவா, முஸ்லிமா, கடவுளே இல்லை என்று வாழ்ந்தவரா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. செய்தியைப் பார்த்தேன், வருந்துகிறேன் என்று தெரிவிக்கும் அடையாளமாக அது ஆகிவிட்டது. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்று எழுத்துக்குள் அடங்கியிருக்கும் கேள்வி பெரியது. இறந்துபோனவருக்காக உயிரோடு இருப்பவர் இனி ஏதாவது செய்ய முடியுமா? கிறிஸ்தவ உலகம் பிளந்ததில் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டுக்குள்ளும் அது ஒருமுறை வந்து உட்கார்ந்தது.

‘ரெக்வியெஸ்காத் இன் பாச்சே’ என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் இவை. ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே எழுத்துகள் அமைந்துவிட்டது தற்செயல். ‘இவர் அமைதியில் இளைப்பாறுவாராக’ என்று கடவுளிடம் கேட்கிற வாசகம் அது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் ‘இன் பாச்சே’, அமைதியில், என்று செதுக்கி வைத்தார்கள். அதே நகரத்து யூதர் கல்லறைகளிலும் ‘உன் உறக்கம் அமைதியில் ஆகட்டும்’ என்ற பொருளில் கிரேக்க வரிகள் உண்டு.

எனக்கு இதில் மிக நெருக்கமானவள் மோனிக்கா, புனித அகுஸ்தீனாரின் தாய். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், 387-ல், ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஓஸ்தியாவில் காய்ச்சலில் விழுந்தாள். சொந்த ஊரில் கணவருக்குப் பக்கத்தில் தனக்கென்று இடம் பார்த்து வைத்திருந்தவள் அவள். சாகும் நேரத்தில் அதை விட்டுவிட்டாள். உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாள். அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியை முடிக்கும்போது, இதைப் படிக்கிறவர்கள் என் தாய் மோனிக்காவையும் தந்தை பத்ரீசியுவையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று நம்மையும் துணைக்கு அழைக்கிறார். பத்ரீசியு முன்கோபி, மனைவிக்குத் துரோகம் செய்தவர், கடைசிக் காலத்தில்தான் கிறிஸ்தவரானார். அவர் பெயரையும் மகன் விட்டுவிடவில்லை. எத்தனையோ படித்திருக்கிறேன், இந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கும்.

சரி, இறந்தவர்களுக்காக வேண்டுவதை எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இறந்தோர் தூய்மையாகும் இடம் என்று கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாவுக்குத் தண்டனை குறையும் என்று சொல்லிப் பணம் வசூலித்த காலம் ஒன்று இருந்தது. 1517-ல் லூத்தர் எழுந்தது அதை எதிர்த்துத்தான். தாயின் பிரிவைக் காட்டி மகனிடம் காசு பறிப்பதைவிடக் கேவலம் வேறென்ன? இங்கிலாந்துத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இறந்தோருக்கான வேண்டுதல் இருந்தது. 1552-இல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த வேண்டுதலுக்கு வேத ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு கதை: யூதத் தளபதி யூதா மக்கபே, போரில் விழுந்த தன் வீரர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி செலுத்த எருசலேமுக்கு வெள்ளி அனுப்பிய கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிறது. அந்த நூலே புராட்டஸ்டன்ட் பைபிளில் கிடையாது.

என் அப்பா புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ., அம்மா கத்தோலிக்க ஆர்.சி. பாளையங்கோட்டையில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்பா இறந்த பிறகு கல்லறைக் கல்லுக்குச் சொல்லக் கடைக்குப் போனோம். கருங்கல் பலகையை நிறுத்தி, அதன் மேல் எழுத்து வெட்டிய ஒட்டுத்தாளைத் தடவித் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார் கல்கடை அண்ணாச்சி. பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதிக்கொண்டு, “சிலுவைக்குக் கீழ ஆர்.ஐ.பி. போட்டுரவா?” என்றார். அம்மா தலையாட்டினாள். கூட வந்திருந்த பெரியப்பா, “அது நம்ம சபையில கிடையாது. கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டான். அவன் காரியம் முடிஞ்சாச்சு, இனிமே நாம கேக்கதுக்கு என்ன இருக்கு?” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. தம்பியைப் பற்றிய உறுதிதான் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தான், அவருக்குத் தேவையில்லைன்னே வச்சுக்கிடுங்க. நான் கேக்காம எப்படி இருக்கது?” என்றாள். கல்லில் வேதவசனம்தான் ஏறியது. வருஷா வருஷம் அப்பா இறந்த நாளில் அம்மா கோயிலில் பூசைக்குக் கொடுத்து வந்தாள். பெரியப்பாவுக்கும் அது தெரியும்.

இதே சண்டை வட அயர்லாந்தில் பத்திரிகையிலேயே வந்தது. லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் 500-ஆம் ஆண்டான 2017-இல், ஆரஞ்சு ஆர்டர் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பின் பத்திரிகை, சமூக ஊடகங்களில் ஆர்.ஐ.பி. போடுவதைப் புராட்டஸ்டன்டுகள் நிறுத்த வேண்டும் என்று எழுதியது. அந்த எழுத்துகளின் பொருள் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பொருள் தெரியாமல் தட்டிவிடுகிறவர்களைவிட, தெரிந்து மறுக்கிறவர்களிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அதே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ், அவர் இறந்த பிறகு 1964-இல் வெளிவந்த ‘மால்கமுக்குக் கடிதங்கள்’ நூலில், இறந்தவர்களுக்காகத் தாம் ஜெபிப்பதை ஒளிக்காமல் சொல்கிறார். அது தானாக வருகிறது, கிட்டத்தட்ட தவிர்க்க முடியாதது என்கிறார். மனைவி ஜாயை 1960-இல் பறிகொடுத்தவர் அவர். நேசித்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருக்கும்போது, அவர்களுக்காக வேண்டக் கூடாதென்றால் ஜெபத்தில் என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. அம்மா கல்கடையில் கேட்டதும் அதுதான்.

நான் அம்மா பக்கம். கடவுளுடைய இரக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று லூத்தர் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். வாங்க முடியாது என்பதால் கேட்கக் கூடாது என்றாகிவிடுமா? இஸ்லாமியரின் ஜனாஸா தொழுகையில் நிற்கிறவர்கள் இறந்தவருக்காக மன்னிப்புத்தான் கேட்கிறார்கள். ஆடி அமாவாசையன்று குறுக்குத்துறைப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற கூட்டத்தைப் பார்த்தாலும் இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய தவிப்பில்லை என்பது தெரியும். அவரவர் வீட்டில் கேட்கும் முறை இருக்கும்போது, இஸ்லாமிய நண்பரின் தகப்பனாருக்கு மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மையவாடி வரைக்கும் கூட நடக்கலாம்.

எங்கள் பங்குக் கோயிலில் நவம்பர் மாதம் இறந்தோர் பெயரை எழுதிப் போடப் பெட்டி வைப்பார்கள். அம்மா பெயருக்குக் கீழே அப்பா பெயரை எழுதுகிறேன். போன வருஷம் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் நம்பிக்கையை மீறுகிறோமோ என்று பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். பிறகு அவர் பெயரையும் எழுதினேன்.