பல்லின் மேல் பழி

வாள்பல் பூனை ஏன் அழிந்தது என்று கேட்டால் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'பல்லு ரொம்ப நீண்டு போச்சு, பொழைக்கத் தெரியல.' அறிவியல் போலத் தெரிந்தாலும் இது ஒரு தீர்ப்பு. செத்தது என்றால் அதனிடம்தான் ஏதோ தப்பு இருந்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு.

கணக்கைப் பார்ப்போம். ஸ்மைலோடன் என்ற வாள்பல் பூனையினம் அமெரிக்கக் கண்டங்களில் ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் வாழ்ந்தது. மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம்தான். அத்தனை காலமும் அதற்குச் சோறு போட்டது அதே பல்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லா பிரேயா தார்க்குழிகளில் 2,000க்கும் மேற்பட்ட ஸ்மைலோடன்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. தாரில் சிக்கிய இரையைத் தின்ன வந்து தாமும் சிக்கியவை. அவற்றின் பல் தேய்மானத்தை ஆராய்ந்து 2012இல் வந்த ஆய்வு, கடைசிக் காலத்திலும் அவை பசிக்கொடுமையில் எலும்பை அரைத்துத் தின்ற தடயம் இல்லை என்றது.

அங்கே கிடைத்த ஓர் இடுப்பெலும்பு பிறவியிலேயே மூட்டு கோணியது என்று 2021இல் கண்டறிந்தார்கள். அந்தப் பூனை சரியாகப் பாய்ந்திருக்க முடியாது. ஆனாலும் வளர்ந்து பெரிதாகியிருக்கிறது. மற்றவை அடித்த இரையில் அதற்கும் பங்கு கிடைத்திருக்கலாம் என்கிறார்கள். அதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். தின்னும்போது விரட்டாமல் விட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் 'வலுத்தவன்தான் பிழைப்பான்' என்று முழங்குகிறவர்களுக்கு அந்த எலும்பு போதுமான பதில்.

அப்புறம் என்ன ஆச்சு? சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் சூடேறி வறண்டது. பெருந்தீ பரவியது. மனிதர்களும் வந்துவிட்டார்கள். தின்ன இருந்த பெரிய விலங்குகள் போயின. இதில் மனிதனின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மாறியது உலகம், பல் அல்ல.

மலாயாப் புலிக்கு வாள்பல் கிடையாது. மான், காட்டுப்பன்றி என்று கிடைத்ததைத் தின்னும். நம் நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிற்பது அதுதான். காட்டில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன என்று 2022இல் அறிவித்தார்கள். கண்ணி வைத்தவர்களும் காட்டை வெட்டியவர்களும் நம் கண்முன்னே இருக்கிறார்கள். இதன் பல்லில் என்ன குறை சொல்லப் போகிறோம்?

அழிந்ததன் உடம்பில் காரணம் தேடுவது நமக்கு வசதி. வேலை போனவனிடம் 'வேற தொழில் கத்துக்கலையா?' என்று கேட்பதும் அதே வசதிதான். அப்படிக் கேட்டுவிட்டால், ஆலையை மூடியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.